நாணல் பூவில் சிவப்பு ரிப்பன்

கலையரசன் கொள்ளிடத்தில் இறங்கி அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் கண்ணில் பட்டாள்.

வெட்டிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெட்டுப்பட்டவன் சித்தார்த். கலையரசனின் மனைவி ஜோதிக்குக் கூடப்பிறந்த தம்பி. டோல்கேட் பக்கம் டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தியவனை இழுத்துப் போட்டுத் தோளில் ஒன்று, தடுத்த கையில் இரண்டு. "மச்சான், நாங்க கட்டல மச்சான்! சத்தியமா நாங்க கட்டல!" என்று கடைசிவரை கத்தினான். வெட்டுப்படுகிற எல்லோரும் ஏதாவது கத்துவார்கள். கலையரசன் அதைக் காதில் வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சாண் சிவப்புத் துணி.

கொள்ளிடத்தில் திருட்டு மணல் அள்ளுவது இரண்டு கோஷ்டி. ஸ்ரீரங்கத்துப் பக்கம், தென்கரையில், ரெங்கராஜ். வடகரையில் பூவரசன், ஜோதிக்கும் சித்தார்த்துக்கும் அண்ணன். கலையரசன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரெங்கராஜின் ஆள். பெண் கொடுத்த வீட்டுக்காக அவன் கோஷ்டி மாறவில்லை. ஆற்றுக்கு நடுவில் யார் எங்கே அள்ளுவது என்பதற்கு இரண்டு தரப்புக்கும் ஒரே வழக்கம்தான். நாணலில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் அந்த மணல்திட்டு கட்டியவனுக்குச் சொந்தம். அடுத்தவன் திட்டில் போய்த் துணி கட்டினால், சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம்.

ரெங்கராஜின் திட்டில் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. அந்த நாணலில் பத்து நாளாகச் சிவப்புத் துணி முளைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தால் அடுத்த நாள் வேறு தட்டையில் முளைத்தது. ராத்திரி முழுக்க லாரி ஏற்றிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர்கள், காலை நேரத்தில் ஆற்றில் யார் நடமாடுகிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. "பூவரசன் வேலைதான்" என்று ரெங்கராஜ் முடிவு கட்டினான். "அவன் தம்பியைச் சாய்ச்சாத்தான் அடங்குவான். நீயே போ, கலை. நீ போனாத்தான் அவனுக்கு உறைக்கும்."

கலையரசன் போனான். வெட்டினான். வந்து கழுவினான். தலையைத் தூக்கினால், எதிரே ஒரு பெண் நாணலில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய்! யாரு நீ?"

அவள் திரும்பினாள். வெயிலுக்கு ஒரு தொப்பி, தோளில் ஒரு பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. பயப்படுவதற்குப் பதிலாகச் சண்டைக்கு வந்தாள்.

"ஓ, நீங்கதானா இதையெல்லாம் பிடுங்கிப் போடறது? பத்து நாள் வேலைங்க! ஆடு மேயுதுன்னுல்ல நெனச்சேன். உங்களை இது என்ன பண்ணிச்சு?"

பேசிக்கொண்டே வந்தவளின் கண் அரிவாளில் விழுந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

அவள் பெயர் மைத்ரேயி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி.

கலையரசன் விசிலடித்தான். கரையில் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து ஓடி வந்தார்கள். ரெங்கராஜின் அக்கா பிள்ளைகள். அவர்களுக்கும் முன்னால் இன்னொருவர் ஓடி வந்தார். உறையூர் ஆட்டோ டிரைவர் அடைக்கலராஜ். தினமும் மைத்ரேயியை ஏற்றிவந்து, அவள் வேலை முடியும்வரை கரையில் காத்திருந்து, திருப்பிக் கொண்டுபோய் விடுகிறவர்.

"தம்பி, தம்பி! காலேஜ் பொண்ணுப்பா அது. தொடாதே!"

மண்வெட்டிக் காம்பு அவர் இடது முழங்கைக்குக் கீழே இறங்கியது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. மனிதர் மணலில் குப்புற விழுந்தார்.

*

வாழைத்தோப்புக்கு நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அடைக்கலராஜின் கால்களைக் கட்டி மூலையில் போட்டிருந்தார்கள். மைத்ரேயியின் பையைத் தரையில் கொட்டினார்கள். கத்தரிக்கோல், ஒரு சுருள் சிவப்பு ரிப்பன், மார்க்கர் பேனா, தயிர்சாத டப்பா.

ரெங்கராஜ் வந்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, வாயில் ஏலக்காய். ரிப்பன் சுருளைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தான்.

"கலை, நீ போயி இது எங்கெல்லாம் கட்டியிருக்குன்னு பாத்து, நாலு தட்டையை ஒடிச்சிக்கிட்டு வா."

கலையரசன் வெளியே போனான். ரெங்கராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா, அய்யங்காரூட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே. உனக்கு எதுக்கு மண்ணு வியாபாரம்?"

"மண்ணு இல்லைங்க. பூ. நாணல் பூவுல ஆராய்ச்சி பண்றேன்."

"புல்லுல ஏதும்மா பூ?"

"அந்த வெள்ளையா இருக்கே, அதுதாங்க பூ. பானிக்கிள்."

"என்னது?"

"பானிக்கிள்."

ரெங்கராஜ் கண்ணைக் காட்டினான். ஒடிந்த கையின் மேல் ஒரு கால் ஏறியது. அடைக்கலராஜ் அலறிய அலறலில் வாழை மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"பாப்பா! வேற ஏதாவது சொல்லித் தொலையேன்!"

"அதுக்கு அதாண்ணே பேரு!" மைத்ரேயி அழுதாள். "தமிழ்ல கிளைப்பூங்கொத்துன்னு சொல்லலாம். வேற என்ன சொல்றது நான்?"

"சரி" என்றான் ரெங்கராஜ் நிதானமாக. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. புரியலைன்னா டிரைவருக்கு இன்னொரு கை இருக்கு."

மைத்ரேயி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நேர்முகத் தேர்வில் பேராசிரியர்கள் முன்னால் நடுங்கியதுகூட இந்த அளவுக்கு இல்லை.

"செம்பருத்தி இருக்குல்லங்க, ஒரு காம்புக்கு ஒரு பூ. அது தனிப்பூ. சரக்கொன்றைன்னா ஒரு தண்டு, அதுல வரிசையா பூ. அது கொத்து. இது ரெண்டும் இல்லை. நடுவுல ஒரு தண்டு. தண்டுலேருந்து கிளை. கிளையிலேருந்து இன்னும் சின்னக் கிளை. அந்தச் சின்னக் கிளையிலதான் பூவே இருக்கும். நெல்லுக்கதிர், மாம்பூ எல்லாம் இந்தச் சாதிதான். தூரத்துலேருந்து பார்த்தா ஒரே பூ மாதிரி தெரியும். கிட்டப் போனா ஆயிரக்கணக்குல இருக்கும்."

"துணி எதுக்கு?"

"எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி இருக்கே. நேத்திக்குப் பார்த்தது எதுன்னு இன்னிக்கு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்கு ரிப்பன். முதல்ல உச்சியில இருக்கற கிளையில பூ விரியும். தினம் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கும். எதுவரைக்கும் இறங்கியிருக்குன்னு தண்டுல ஒரு மைக்கோடு போடுவேன். அவ்வளவுதாங்க."

ரெங்கராஜ் ஏலக்காயை மென்றான். பிறகு அக்கா பிள்ளைகளைப் பார்த்து, "போய் ஜீப்பை எடுத்துட்டு வாங்கடா" என்றான். அவர்கள் போனார்கள். கொட்டகையில் மூன்று பேர்தான் மிச்சம்.

"எங்கப்பாரு கரும்பு போட்டவரு" என்றான். "கரும்பு பூத்தா அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். நீ சொல்றது நிஜம்மா."

மைத்ரேயிக்கு மூச்சு வந்தது.

"அதுதாம்மா தொல்லையே. இன்னிக்குக் காலையில, இந்தத் துணிக்காகத்தான், இப்ப வெளியே போனானே, அவன் பொண்டாட்டியோட தம்பியையே வெட்டிட்டு வந்திருக்கான். நான் சொல்லித்தான் வெட்டினான். கட்டினது பூவரசன் இல்லை, பூ எண்ணுற ஒரு பொண்ணுன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அடுத்த வெட்டு யாருக்குன்னு நினைக்கிறே?"

அவன் எழுந்து போய், மூலையில் கிடந்த, குழாய் முறுக்கும் இரும்பு ரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அவன் வந்து கேப்பான். பூவரசன்தான் ரிப்பன் குடுத்து கட்டச் சொன்னான்னு சொல்லு. நீயும் டிரைவரும் உங்க ஆட்டோவுல ஏறி வீட்டுக்குப் போங்க. மாத்திப் பேசினே, முதல்ல இவரு கிணத்துக்குள்ள. அப்புறம் நீ."

"பாப்பா" என்று முனகினார் அடைக்கலராஜ். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு பாப்பா."

*

கலையரசன் நாலைந்து நாணல் தட்டைகளோடு உள்ளே நுழைந்தான். வெள்ளைப் பஞ்சு அவன் தோளெல்லாம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தட்டையிலும் சிவப்பு ரிப்பன். அவன் யாரையும் பார்க்காமல் மைத்ரேயி முன்னால் வந்து நின்றான்.

"யாரு குடுத்த துணி இது?"

ரெங்கராஜ் ரிஞ்சை அடைக்கலராஜின் தலைக்குமேல் சுவரில் சாய்த்துப் பிடித்திருந்தான், சும்மா பிடித்திருப்பதுபோல.

"பூவரசன்" என்றாள் மைத்ரேயி. "பூவரசன் குடுத்தாரு. கட்டச் சொன்னாரு."

கலையரசனின் முகம் தளர்ந்ததை அவள் பார்த்தாள். அப்படியே மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அவன் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று தோன்றியது.

"கேட்டியா?" என்றான் ரெங்கராஜ். "சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருந்தியே! இப்ப எழுந்திரு. ஜீப் வருது. நேரா பூவரசன் வீடு."

"அவன் ஆஸ்பத்திரியில இருப்பான்ணே."

"அதான் சொல்றேன். அவன் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும். அவன் புள்ளைங்க ரெண்டும் வீட்லதான் இருக்கும்."

"அண்ணே... சின்னப் பசங்க."

"நாளைக்குப் பெரிசாகும்."

தான் சொன்ன பொய் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பும் என்று மைத்ரேயி நினைத்திருந்தாள். அது ஜீப்பில் ஏறி யார் வீட்டுக்கோ போகப் போகிறது.

கலையரசனின் போன் அடித்தது. அடிபட்ட பழைய போன். ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். எடுத்தான். கொட்டகை முழுக்க ஒரு பெண்ணின் குரல் நிறைந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? சித்துவை வெட்டிட்டாங்கங்க! புத்தூர் பெரியாஸ்பத்திரியில இருக்கோம். கையை எடுக்கணும்ங்கறாங்க. எவன் வெட்டினான்னு போலீஸ் கேக்குது, மூஞ்சியை மூடியிருந்தான், தெரியலைன்னு சொல்றான். உங்களை மட்டும் கூப்பிடாதக்கான்னு அழுவுறான். ஏன் அப்படிச் சொல்றான்னே தெரியல. நீங்க வாங்க, எனக்குப் பயமா இருக்கு..."

கலையரசன் போனை அணைத்தான். முகத்தை மூடாமல்தான் அவன் வெட்டியிருந்தான்.

வெளியே ஜீப் ஹாரன் கேட்டது. ரெங்கராஜ் அவன் தோளைத் தட்டினான். "எழுந்திரு. பொம்பளை அழுகையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் பொய் சொன்னேன்" என்றாள் மைத்ரேயி.

கலையரசன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"பூவரசன் யாருன்னே எனக்குத் தெரியாது. இவரு சொல்லச் சொன்னாரு. சொல்லலைன்னா எங்களைக் கிணத்துல தள்ளிடுவேன்னாரு. ரிப்பன் நான் கடைத்தெருவுல வாங்கினது. கட்டினது நான்."

"கொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படித்தான் உளறுவாங்க" என்று சிரித்தான் ரெங்கராஜ். "வா, கலை."

"அந்தத் தட்டையைப் பாருங்க!" அவள் கத்தினாள். "ரிப்பனுக்கு மேலே, கிளை பிரியற இடத்துலேருந்து பாருங்க. கறுப்பா கோடு இருக்கா? உச்சியில ஒண்ணு, அதுக்குக் கீழே ஒண்ணு, அதுக்கும் கீழே ஒண்ணு. பூ தினமும் எவ்வளவு இறங்கியிருக்குன்னு நான் போட்ட கோடு. உச்சிக் கிளையில இப்ப ஊதினாலே பறக்கும், விதை முத்திடுச்சு. அடிக் கிளையில இன்னும் விரியவே இல்லை. மண்ணு அள்ள இடம் பிடிக்கிறவன், தினம் வந்து ஒவ்வொரு தட்டையிலயும் கோடு போட்டுக்கிட்டு இருப்பானா? நீங்களே சொல்லுங்க!"

கலையரசன் மடியில் கிடந்த தட்டையை எடுத்தான். கிளைகளை விரலால் ஒதுக்கினான். கோடு இருந்தது. அடுத்த தட்டையில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. உச்சிக் கிளையை ஊதினான். பஞ்சு கொட்டகைக்குள் பறந்தது. அடிக் கிளை அசையவில்லை.

"அண்ணே" என்றான் மெதுவாக. "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

ரெங்கராஜ் ரிஞ்சைச் சுழற்றி மைத்ரேயியின் முகத்தைக் குறிவைத்து வீசினான். அவள் தலையைத் திருப்பியதால் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு விலகி அவள் சுவரோடு சரிந்தாள். இரண்டாவது முறை அவன் ஓங்கியபோது, அடைக்கலராஜ் கட்டிய இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி அவன் முழங்காலில் உதைத்தார். ரெங்கராஜ் தடுமாறினான்.

அந்தத் தடுமாற்றமே போதுமாக இருந்தது. இடுப்பிலிருந்து அரிவாளை உருவிய கலையரசனின் முதல் வெட்டில் ரிஞ்சைப் பிடித்திருந்த கை தொங்கிப்போயிற்று. "கலை, நான் வளத்தவன்டா உன்னை!" என்றான் ரெங்கராஜ். இரண்டாவது வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. வெள்ளைச் சட்டை நிறம் மாறியது. தரையில் விழுந்து இரண்டு தடவை காலை உதைத்தான். பிறகு உதைக்கவில்லை.

கலையரசன் இன்னொரு முறை ஓங்கி, பாதியில் நிறுத்தி, வாசல் வழியாக அரிவாளைக் கிணற்றுக்குள் எறிந்தான். அது தண்ணீரில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்ததுபோல் இருந்தது.

அடைக்கலராஜின் கட்டை அவிழ்த்தான். ஜீப்பில் வந்த இருவரும் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். கலையரசனின் கையையும் சட்டையையும் பார்த்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க மாமா உள்ளதான் கிடக்காரு" என்றான் கலையரசன். "யாராவது ஒருத்தன் என் பின்னாடி வாங்க."

ஒருவரும் வரவில்லை.

*

கரையில் நின்றிருந்த ஆட்டோவை ஓட்ட ஆள் இல்லை. அடைக்கலராஜுக்கு ஒரு கை இல்லாத மாதிரிதான். மைத்ரேயிக்கு இடது தோள் தூக்க வரவில்லை. கலையரசன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான்.

"எங்கப்பா கூட்டிக்கிட்டுப் போறே?" என்றார் அடைக்கலராஜ், சந்தேகமாக.

"பெரியாஸ்பத்திரி. உங்க ரெண்டு பேருக்கும் அங்கதானே வேலை. எனக்கும் அங்கதான்."

"என் வண்டியில ரத்தம் ஆயிடும்" என்றார் அவர். சொன்ன பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் பள்ளிக்கூட வேன்கள் நின்றுகொண்டிருந்தன. மாம்பழச்சாலை சிக்னலில் ஒரு பூக்காரம்மா ஆட்டோவுக்குள் குனிந்து, பார்த்து, பின்வாங்கினாள். காவிரிப் பாலத்தில் ஏறியபோது மைத்ரேயி வாயைத் திறந்தாள்.

"நான் அந்த ரிப்பனைக் கட்டாம இருந்திருந்தா..."

"வெட்டினது ரிப்பன் இல்லைம்மா" என்றான் கலையரசன், திரும்பாமல். "அவன் இல்லைன்னு சொன்னான். நான்தான் கேக்கல."



புத்தூரில் அவசரப் பிரிவு வாசலில் கூட்டம் இருந்தது. பூவரசன் தூணோரம் நான்கைந்து ஆட்களோடு நின்றான். இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜோதி படியில் உட்கார்ந்திருந்தவள், ஆட்டோவிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா!" அவன் மார்பில் விழுந்து இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை ஈரமாயிற்று. விலகி, உள்ளங்கையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது யாரு ரத்தம்?"

கலையரசன் பூவரசனைப் பார்த்தான். போலீஸ்காரர்களைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும் பார்த்தான்.

"ரெண்டு பேரோடது ஜோதி. ஒண்ணு சித்துவோடது."

ஜோதியின் கை மறுபடியும் அவன் சட்டைக் காலருக்குப் போயிற்று. இந்தத் தடவை இறுக்கிப் பிடித்தது. அப்படியே அவனை இழுத்துக்கொண்டு போலீஸ்காரர்களின் நாற்காலியை நோக்கி நடந்தாள். பூவரசன் ஆட்களோடு பாய்ந்து வந்தபோது, மற்றக் கையை அவனுக்கு நேரே நீட்டினாள்.

"யாரும் இவரைத் தொடாதீங்க" என்றாள். "இத்தோட போதும்."